கழுவி அனுப்பிய மண்

குருத்தங்குடியில் பெட்ரோல் பங்க்கை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. நிலத்துக்கு அடியில் இருந்த டாங்கியையும் தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள். அது ஒழுகவிட்ட எண்ணெயை மட்டும் யாரும் எடுத்துப் போகவில்லை. பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருந்த தனபாக்கியத்தின் கிணற்றுத் தண்ணீரில் டீசல் வாடை வந்தது. அவள் கடையில் சாப்பிட்டவர்கள் பீடி பற்றவைக்க யோசித்தார்கள். பிறகு சாப்பிடவே யோசித்தார்கள்.

மண்ணைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். மண்ணில் எண்ணெய் இருப்பது உறுதியானால் பங்க் கம்பெனிக்காரர்களே கெட்ட மண்ணை அள்ளி, தனபாக்கியத்துக்கு வேறு கிணறும் வெட்டித் தர வேண்டும் என்றார். அவருக்கு வேறு ஊரில் அவசர ஜோலி. ஊர்க் கமிட்டியிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்தார்.

"டாங்கி இருந்த இடத்துல ஆள் உயரம் தோண்டி மண் எடுங்க. அழுக்கு எதுவும் சேராம சுத்தமா கொண்டாங்க."

கமிட்டி என்பது மூன்று பேர். தலைவர் செவந்தியப்பன், செயலாளர் காத்தலிங்கம், இருவரையும் ஆமோதிக்க வில்வம்.

"ஆள் உயரம்னா எந்த ஆளு?" என்றார் தலைவர். அவர் குள்ளம்.

"ஊருக்கே பெரிய ஆளு நீங்கதானண்ணே," என்றான் வில்வம்.

நெட்டையான காத்தலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் காத்தலிங்கத்தின் உயரத்துக்குத் தோண்டி, மண் எடுக்கத் தலைவரை உள்ளே இறக்கினார்கள். அவரால் ஏற முடியவில்லை. மண்ணைத் திரும்பக் கொட்டிக் கொட்டி அவரை மேலே கொண்டுவந்தார்கள். பிறகு மறுபடியும் தோண்டினார்கள்.

மண் கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தது.

"இப்படியேவா குடுக்குறது? சுத்தமா கேட்டாரே," என்றார் காத்தலிங்கம்.

அண்டாவில் போட்டு, சோப்புப் போட்டு அலசினார்கள். அழுக்குத் தண்ணீரைத் தெருவில் ஊற்றுவது தப்பு என்று கிணற்றில் ஊற்றினார்கள். தனபாக்கியம் ஓடிவந்தாள்.

"அடப் பாவிகளா! அந்த அழுக்குதான்யா எனக்குச் சாட்சி!"

"சாட்சியைக் குளிப்பாட்டித்தானக்கா அனுப்பணும்," என்றான் வில்வம்.

அடுத்த வாரம் அதிகாரி போன் செய்தார். மண்ணில் எண்ணெய் ஒரு துளியும் இல்லை. இவ்வளவு சோப்பு எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை என்றார்.

"அப்ப என் கடையை மூட வேண்டியதுதானா?" என்று தனபாக்கியம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

கமிட்டி கூடி யோசித்தது.

"இந்தக் கிணத்துல வாடை அடிக்குது. டாங்கி இருந்த குழியில ஒண்ணுமில்லைன்னு சர்க்காரே சொல்லிருச்சு," என்றார் தலைவர். "கிணத்தை அங்க மாத்திட்டா என்ன?"

தனபாக்கியம் வாய் திறப்பதற்குள் வேலை தொடங்கிவிட்டது. குழியை ஆழப்படுத்த ஆழப்படுத்த, அந்த மண்ணைக் கொண்டுவந்து பழைய கிணற்றைத் தூர்த்தார்கள். அது நிரம்பிய அன்று குழியில் ஊற்று கண்டது. வில்வம் ஒரு கை அள்ளி முகர்ந்தான். முகம் மலர்ந்தது.

"அக்கா, கவலையே படாதீங்க! இது நம்ம பழைய தண்ணியேதான். இடம் மாறினதும் தேடிக்கிட்டு வந்திருச்சு!"