பாதிக் கம்பி, பாதிச் சூடு

வேலங்காட்டில் ஓர் ஓணான் இருந்தது. மின்சார வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது. யார் எதைக் கேட்டாலும் தலையை மேலும் கீழும் ஆட்டும். அந்த ஆட்டத்தைப் பார்த்தே பாதி விலங்குகள் அதை மேதை என்று நம்பிவிட்டன. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இந்த ஓணானோ தனக்குத் தானே சாட்சி.

அதே காட்டில் ஒரு காட்டுக்கோழி ஏழு முட்டைகளோடு தவித்துக்கொண்டிருந்தது. பத்து நாளாய் விடாத மழை. இரை தேடப் போனால் முட்டைகள் சில்லிட்டுவிடும், போகாவிட்டால் பட்டினி. நல்லவேளையாக, அருவி சுழற்றிய சக்கரத்திலிருந்து அந்தக் காட்டுக்கு மின்சாரம் வந்தது. கோழி ஒரு பெட்டியின் அடியில் கம்பிச்சுருளைப் பதித்து, வெளியே போகும்போது முட்டைகளை அதில் வைத்துவிட்டுப் போகும். பெட்டியில் மாட்டியிருந்த மீட்டரில் இருநூறு வோல்ட், அரை ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் நூறு வாட். முட்டைக்கு அது அளவான சூடு.

ஒரு நாள் சுருள் நடுவில் அறுந்துபோனது. கோழி முட்டைகளைக் கூட்டுக்கு மாற்றிவிட்டு ஓணானைக் கூப்பிட்டது.

ஓணான் மீட்டர் பக்கமே திரும்பவில்லை. அறுந்த ஒரு பாதியைத் தூக்கி எறிந்தது. மற்றப் பாதியை இழுத்து மாட்டியது.

"பாதிக் கம்பிக்குப் பாதிச் சூடுதான். ஐம்பது வாட். நாள் பூராவும் போட்டு வை" என்றது.

கோழி சுவிட்சைப் போட்டது. வோல்ட் முள் இருநூறிலேயே இருந்தது. ஆம்பியர் முள்ளோ ஒன்றில் போய் நின்றது. கோழி சட்டென்று அணைத்துவிட்டுக் காலால் மண்ணைக் கீறிக் கணக்குப் போட்டது.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. முன்பு நானூறு ஓம், இப்போது இருநூறு. கம்பி பாதியானதும் தடையும் பாதியாகிவிட்டது. அதனால்தான் மின்னோட்டம் இரண்டு மடங்காகப் பாய்கிறது. இருநூறு வோல்ட்டை ஓர் ஆம்பியரால் பெருக்கினால் இருநூறு வாட்! சூடு குறையவில்லை, இரட்டித்திருக்கிறது.

கோழி இதைப் பணிவாகத்தான் எடுத்துச் சொன்னது. ஓணான் கேலியாகச் சிரித்தது.

"அடைகாக்கிறவளுக்கு ஆம்பியர் எதுக்கு? மீட்டர் பழுதாயிருக்கும்."

சொல்லிவிட்டுத் தலையை ஆட்டியது. கோழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டை வெந்துபோனால் இந்தத் தலையாட்டிக்கு என்ன நஷ்டம்? ஆனாலும் கோபத்தை விழுங்கிக்கொண்டது.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணே. மழையில நனைஞ்சு வந்திருக்கீங்க. ஐம்பது வாட்தானே, பெட்டிக்குள்ள கொஞ்சம் படுங்க. நான் இரை பொறுக்கிட்டு வந்துடறேன்."

ஓணான் பெருமையாக ஏறிப் படுத்தது. கோழி சுவிட்சைப் போட்டது. முதலில் இதமாக இருந்தது. ஓணான் கண்ணை மூடிக்கொண்டது. கோழி நாலு பூச்சி கொத்துவதற்குள் வயிறு சுட்டது, வால் நுனி கருகியது. ஓணான் அலறிக்கொண்டு துள்ளி, எதிரே இருந்த சேற்றுக்குட்டையில் விழுந்தது.

"மீட்டர் பழுதா அண்ணே?" என்று கோழி கேட்டது.

ஓணானின் தலை அன்றைக்குத்தான் ஆடாமல் நின்றது.

கோழி சுவிட்சை அணைத்தது. ஓணான் எறிந்த பாதியைத் தேடி எடுத்து மற்றதோடு முறுக்கி இணைத்தது. மறுபடி சுவிட்சைப் போட்டு, முள் அரை ஆம்பியருக்குத் திரும்பியதைக் கண்ணால் பார்த்த பிறகே முட்டைகளை உள்ளே வைத்தது. ஏழும் பொரிந்தன.

அளந்து பார்க்காமல் தலையாட்டும் மேதாவியின் வித்தையை, முதலில் அவன் தலையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.