ஈரம் குடித்த உப்பு

“மேடம், நாலு வார்த்தை திட்டிடுங்க. அப்பதான் எனக்கு மனசு ஆறும்.”

கதவருகே நின்றபடியே பூவராகன் இதைச் சொன்னார். வயது ஐம்பத்து மூன்று. பாதி வாழ்க்கையை நூல் மில்லில் கழித்துவிட்டு, இழை ஆராய்ச்சிக்கூடத்தில் மெஹருன்னிசாவிடம் மாணவராகச் சேர்ந்தவர். ஆசிரியையைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர்.

மெஹருன்னிசா நிமிர்ந்தார்.

“எதுக்குண்ணா?”



அந்தக் கூடத்தில் பழைய பருத்தித் துணியைக் கரைத்து மறுபடி இழையாக்குவார்கள். கரைப்பதற்கு ஒருவகை உப்பு. லேசான சூட்டிலேயே எண்ணெய் போல உருகி நிற்கும். துணி அதில் கரைந்து தேன் பதத்துக்கு வரும். அதை ஊசிமுனைத் துளைகள் வழியே அழுத்திக் கீழே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால் உப்பு தண்ணீரோடு போய்விடும். பருத்தி வெள்ளை இழையாகத் திரண்டு நிற்கும்.

ஒரு வாரமாகப் பூவராகன் எடுத்த இழை நிற்கவில்லை. தண்ணீரைத் தொடுவதற்குள் அறுந்து அறுந்து விழுந்தது.

“துணியில பாலியஸ்டர் கலந்திருக்கும்ங்க. சகாயராணி சரியாப் பிரிக்கலை.”

திங்கட்கிழமைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், பூவராகன்தான் இப்படிச் சொன்னார். பாலியஸ்டர் அந்த உப்பில் கரையாது. துகளாக நின்று துளையை அடைக்கும். அதனால் எல்லாரும் நம்பினார்கள். துணி பிரிக்கும் சகாயராணி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த மாதம் அவள் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது.

“கூட்டத்துக்கு முன்னாடியே நான் மைக்ரோஸ்கோப்புல பார்த்துட்டேன் மேடம். துளையை அடைச்ச துகள் பாலியஸ்டர் இல்லை. பாதி ஊறி, கரையாம நின்ன பருத்தி.”

“உப்பு ஈரம் குடிச்சிருக்கு. அதான் துணியை முழுசாக் கரைக்கலை.”

“ஆமாங்க. சாப்பிடப் போறப்ப உப்புப் பாட்டிலை மூடாம விட்டுட்டேன். வெளியில நல்ல மழை. திரும்பி வந்து பார்த்தேன். ஒண்ணும் ஆகாதுன்னு அப்படியே ஊத்திட்டேன்.”

“அப்புறம்?”

“இருபத்தாறு வருஷம் மில்லுல இருந்தேன். பூவராகன் கையில நூல் அறுந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னதில்லை. அன்னைக்குக் கூட்டத்துல எல்லாரும் என் முகத்தையே பார்த்தாங்க. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.”



“மன்னிச்சேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். புது உப்புல நாளைக்கே நல்ல இழை எடுத்துக் காட்டிடறேன். இது நமக்குள்ளயே இருக்கட்டும்.”

மெஹருன்னிசா மேசை டிராயரைத் திறந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி வெளியே நடந்தார்.

பூவராகன் பின்னாலேயே போனார்.

துணி பிரிக்கும் அறையில் சகாயராணி பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே பிரித்து முடித்த மூன்று மூட்டைகளையும் கொட்டி, மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை, பாவாடை, தலையணை உறை. எல்லாவற்றிலும் தையல் நூல் பாலியஸ்டர். ஒரு துணுக்கு தங்கினாலும் ஆகாது. ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரம் ஓரமாக விரலால் தடவினாள். இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

மெஹருன்னிசா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தார்.

“ஐயோ, நீங்க எதுக்கு மேடம்?”

“இருக்கட்டும்.”

இரண்டு பேரும் தேடினார்கள்.

பூவராகன் வாசலிலேயே நின்றார். அந்த மூட்டைகளில் எதுவும் அகப்படாது என்று அவருக்குத் தெரியும். மேடத்துக்கும் இப்போது தெரியும். தெரிந்தும், காலரை மடித்து, கைமடிப்பைப் பிரித்து, அவ்வளவு கவனமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குமேல் தாங்கவில்லை. தானும் உட்கார்ந்து ஒரு பாவாடையை இழுத்தார்.

மெஹருன்னிசா அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார்.

“இது உங்க வேலை இல்லைண்ணா.”

“விடுங்க மேடம்,” என்றாள் சகாயராணி. “என்னால சாருக்கு எவ்வளவு கெட்ட பேரு. அப்படியும் கூட வந்து உட்காருறாரே. இந்த மனசு யாருக்கு வரும்?”

அவள் திட்டியிருந்தால் பூவராகன் தாங்கியிருப்பார்.

கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் விரலில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார்.

“சகாயராணி,” என்றார். “துணியில ஒண்ணும் இல்லைம்மா. உப்புப் பாட்டிலை மூடாம விட்டது நான். எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் உன் பேரைச் சொன்னேன்.”

அவள் கை நின்றது.

மெஹருன்னிசா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

சகாயராணி கொட்டிக் கிடந்த துணிகளை ஒருமுறை பார்த்தாள்.

“அப்போ நான் நல்லாத்தான் பிரிச்சிருந்தேனா சார்?”

“நீ நல்லாத்தான் பிரிச்சிருந்தேம்மா. ஒரு குறையும் இல்லை.”

“இதையும் எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா?”

பூவராகன் மெஹருன்னிசாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவராகன் தரையில் கை ஊன்றி எழுந்தார். கூட்ட அறைக்குப் போய், விளக்கைப் போட்டு, ஓரமாக அடுக்கியிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடத் தொடங்கினார்.