கோதண்டம் அதட்டி வளர்த்த ஏஞ்சல் மீன்

கடல் மீன் தொட்டியில் வளரும் உயிர்ப் பவளத்தை ஏஞ்சல் மீன்கள் அத்தனையும் கடிக்கும் என்று மக்கள் நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் மேற்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்றுகொண்டு, பவளத்தை ஏறெடுத்தும் பார்க்காத ஏஞ்சல் வகையும் உண்டு. என்ன, அது சந்தைக்கு எப்போதாவதுதான் வரும். வராத நாளாகப் பார்த்துத்தான் பல் டாக்டர் வசுமதி வந்தார்.

"கிளினிக் தொட்டியில மூணு வருஷமா பவளம் வளர்க்கிறேன், தணிகாசலம். அதைக் கடிக்காத ஏஞ்சல் ஒண்ணு வேணும். முடியலைன்னா சொல்லிடுங்க, எதிர்க் கடையில பாத்துக்கிறேன்."

கொளத்தூரில் மைத்துனன் கோதண்டத்தோடு வளர்ப்பு மீன் கடை நடத்தும் தணிகாசலத்துக்கு அந்த வாடிக்கையை விட மனமில்லை. அவரிடம் கடல் மீன் வாங்குகிற ஒரே ஆள் இந்த டாக்டரம்மாதான். மொத்த வியாபாரிக்கு ஃபோன் போட்டார்.

"அந்த வகை இப்ப இல்லீங்க. குட்டி ஏஞ்சல்தான் இருக்கு. அதுல சிலது கடிக்கும், சிலது கடிக்காது. பத்து நாள் பவளத்தோட போட்டுக் கண்ணை எடுக்காமப் பாருங்க. கடிக்கலைன்னா தாராளமாக் குடுங்க."

மீன் வந்தது. ஆரஞ்சு நிறம், கட்டைவிரல் நீளம். இருவரும் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள்.

"மாமா, கண்ணைச் சிமிட்டினா கண்ணை எடுத்த கணக்குதானே?"

தணிகாசலம் இதை வெகுநேரம் யோசித்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாச் சிமிட்டக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப நான் சிமிட்டட்டுமா?"

"இருடா, நான் இன்னும் முடிக்கல... ம், இப்ப சிமிட்டு."

பதினொரு மணிக்கு மீன் பவளத்தை நெருங்கி வாயைத் திறந்தது. கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியில் ஓங்கித் தட்டி, "ஏய்! வாயை மூடு!" என்று அதட்டினான். மீன் பாறைக்குப் பின்னால் ஓடியது.

"பாத்தியா, கடிக்கல!" என்றார் தணிகாசலம்.

"தங்கமான குணம், மாமா."

காலையில் விளக்குப் போட்டதிலிருந்து அணைக்கும்வரை, ஒரு நாளைக்கு நாற்பது முறை இதே அதட்டல். பத்தாம் நாள் கோதண்டத்தின் தொண்டை கட்டிவிட்டது. பவளத்தில் ஒரு கீறல் இல்லை. 'பத்து நாளில் ஒரு கடியும் இல்லை' என்று கடைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மீனோடு டாக்டருக்கு அனுப்பினார் தணிகாசலம்.

மூன்றாம் நாள் டாக்டர் ஃபோனில் கத்தினார்: "பாதிப் பவளத்தைக் காணோம்!"

"பக்கத்துல யாரு உக்காந்திருந்தாங்க, டாக்டரம்மா?"

"யாரும் இல்லையே."

"ஒரு தடவைகூட அதட்டலையா?"

"இல்லையே!"

தணிகாசலம் ஃபோனைப் பொத்திக்கொண்டு கோதண்டத்திடம் துக்கமாகச் சொன்னார்: "மீன் மேல தப்பே இல்லைடா. கேக்க ஆளில்லாம விட்டிருக்காங்க."

விளக்கிச் சொன்னதும் டாக்டருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே கோதண்டம் ஸ்டூலோடு கிளினிக்குக்குப் போய்விட்டான். மீன் தொட்டிக்கும் நோயாளி வாயைத் திறந்துகொண்டு படுக்கிற நாற்காலிக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான்.

பவளம் மறுபடி துளிர்த்துவிட்டது. டாக்டர் எதிர்க் கடைப் பக்கமே போகவில்லை. அவருடைய வலது கையில் மூன்று விரல்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது.