சரிவில் ஓர் அறை

“மரமா, கல்லா? நீங்களே சொல்லிடுங்கம்மா,” என்றார் சடையப்பன்.

வடிவம்மை அவரைவிட வெகு இளையவர். மலைமேல் ஒரு குடிலில் தனியாக இருந்தார். ஆனாலும் சடையப்பனுக்கு அவர்தான் குரு.

மகள் தமயந்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். சரிவில் இருந்தது அவர்களுடைய தனி வீடு. ஒரே அறை. பின்பக்கம் இன்னோர் அறை எடுத்தாக வேண்டும். மழையோ விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது.

“மரச்சட்டம் நிறுத்திப் பலகை அடிச்சிடுங்களேன்,” என்றார் வடிவம்மை.

“காத்து தூக்கிட்டுப் போயிடும்மா. ஒரு பொறி பட்டாலும் போச்சு.”

“அப்ப ஹாலோ பிளாக் கல்லுல கட்டுங்க.”

“போன மழையில பக்கத்து மலையில அந்தச் சுவர்தான் விழுந்துச்சு. தூங்கினவங்களைக் கட்டிலோட எடுத்தாங்க. கிட்ட நின்னு பார்த்தேன்.”

சடையப்பன் கைகளை இறுகக் கட்டிக்கொண்டார்.

“கண்ணை மூடினா சுவர் சாயுது. சரி, மரம்னு நினைச்சா தீப்பிடிக்குது. உள்ளே குழந்தை அழுவுது.”

“குழந்தை இன்னும் பிறக்கலையே.”

“அழுவுதும்மா.”

வடிவம்மை குடையை எடுத்தார்.

“இடத்தைக் காட்டுங்க.”

வீட்டின் பின்னால் நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. மழை சற்று ஓய்ந்திருந்தது. வடிவம்மை கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். குடையை வைத்துவிட்டு, ஈரமண்ணில் மல்லாந்து படுத்தார்.

சடையப்பன் பதறிப்போனார். “அம்மா, சேறு!”

“உங்க பேரப்பிள்ளை படுக்கப்போற இடம்தானே? நீங்களும் வந்து படுங்க.”

படுத்தார். சட்டை நனைந்து முதுகு சில்லிட்டது.

“இந்தப் பக்கம் ஜன்னல் வைக்கலாம்னு…”

“பேசாதீங்க.”

கண்ணை மூடினார். வழக்கம்போலச் சுவர் சாய்ந்தது. அடுத்துத் தீ வரும் என்று காத்திருந்தார்.

தீ வரவில்லை. ஏதோ சத்தம் வந்தது.

தன் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது என்று நினைத்தார். பிறகு புரண்டு, காதை மண்ணில் வைத்தார்.

மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கசிவு இல்லை, ஓட்டம். அதன் நடுவே கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

நிமிர்ந்து குருவைப் பார்த்தார். வடிவம்மையும் மண்ணில் காதை வைத்திருந்தார். அந்த முகம் வெளுத்திருந்தது. குருவுக்கும் பயம் வரும் என்று சடையப்பன் அதுவரை நினைத்ததே இல்லை.

“எழுந்திருங்க. இந்தச் சரிவு நிக்காது,” என்றார் வடிவம்மை.

சடையப்பன் வீட்டுக்குள் ஓடினார். தமயந்தி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா இது, உடம்பெல்லாம் சேறு? குருவம்மா என்ன சொன்னாங்க? ஆசாரியைக் கூப்பிடணுமா, கொத்தனாரையா?”

அவர் அவள் கையைப் பிடித்தார்.

“நட.”