பத்து மணி விலை

ஆவாரங்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஷம்ஷாத் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுற்றாத மின்விசிறி ஒன்று. வாசலில் அவளே எழுதிய பலகை தொங்கியது: ‘வலைப்பூ தொடங்கக் கற்றுத் தரப்படும்.’

ஒரு நாள் காலையில் அந்தப் பலகையைப் படித்துவிட்டு ஒச்சம்மாள் உள்ளே வந்தாள். நாற்பத்தாறு வயது. ஐம்பது சென்ட் நிலத்தில் மல்லிகை போட்டிருப்பவள். இடுப்பில் காலிக் கூடை.

“பாப்பா, வலைப்பூன்னு போட்டிருக்கே, அது என்ன பூ? நான் கேள்விப்பட்டதே இல்லையே. கிலோ என்ன விலை போகுது?”

ஷம்ஷாத் சிரிக்கவில்லை.

“அது பூ இல்லைக்கா. ப்ளாக்கும்பாங்க. இன்டர்நெட்ல உங்க பேர்ல ஒரு பக்கம். நீங்க எழுதுறதை யாரு வேணும்னாலும் ஃபோன்ல படிக்கலாம்.”

“எதை வேணும்னாலும் எழுதலாமா?”

“எழுதலாம்.”

“எழுதினா யாரும் அடிக்க வர மாட்டாங்களா?”

“வருவாங்க.”

ஒச்சம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

“அப்ப சொல்லிக் குடு.”

அவளுக்கு எழுத ஒரு விஷயம் இருந்தது. பதினைந்து வருஷமாக விடியும் முன் மொட்டுப் பறித்து, மூட்டை கட்டி, பூ வண்டியில் சந்தைக்கு அனுப்பி வந்தாள். சாயங்காலம் கமிஷன் கடையிலிருந்து சீட்டு வரும். சீட்டில் எழுதியிருப்பதுதான் விலை. போன வாரம் வண்டி வழியில் நின்றுவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவளே சந்தைக்குப் போனாள். மல்லி கிலோ எழுநூறு என்று ஏலத்தில் கூவியதைக் காதாரக் கேட்டாள். சாயங்காலம் வந்த சீட்டில் நானூற்றைம்பது என்றிருந்தது.

கற்றுக்கொள்ள உட்கார்ந்த பிறகு அவள் ஷம்ஷாத்தைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவள்தான். ஆனாலும் டீச்சர் என்றாள், வாங்க போங்க என்றாள்.

பத்தே நாளில் பக்கம் தயாராகிவிட்டது. பின்னால் மல்லிகைத் தோட்டம். மேலிருந்து இதழ்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். திறந்ததும் நாதஸ்வரம். நடுவில் பட்டுச் சேலை கட்டிய ஒச்சம்மாளின் புகைப்படம். எல்லாவற்றுக்கும் கீழே அன்றைய விலை.

“எப்படி இருக்கு டீச்சர்?”

ஷம்ஷாத் பேப்பர் கட்டுகளில் நாலை எடுத்து அவள் கைகளில் அடுக்கினாள். திரை விரிசல் விட்ட பழைய ஃபோன் ஒன்றில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இன்னிக்கு என்ன விலைன்னு வாசிங்க.”

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நாதஸ்வரம் அரை மூச்சு ஊதிவிட்டு நின்றது.

“கை கடுக்குது டீச்சர். இன்னும் என் மூஞ்சியே வரலை.”

“கீழ வைக்காதீங்க. பூ மூட்டையோட பஸ்ல நிக்கிறவங்க எங்க வைப்பாங்க?”

ஒச்சம்மாள் கட்டுகளைத் தொப்பென்று போட்டாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தாள். தன் படத்தை அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினாள். கடைசியில் வெள்ளைப் பக்கத்தில் மிஞ்சியது தேதி, பூவின் பேர், கொட்டை எழுத்தில் விலை.

சந்தையில் ஐந்தரைக்கு ஏலம் தொடங்கும். ஒச்சம்மாள் உள்ளே நின்று கேட்பாள். ஆறு மணிக்கு விலையை ஏற்றிவிடுவாள். படித்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி ஷம்ஷாத். ஒருத்தி ஒச்சம்மாளின் தங்கை. மூன்றாவது ஆள் யாரென்று தெரியவில்லை.

“நாலு பேருக்குத் தெரியணுமே டீச்சர். அதுக்கு என்ன வழி?”

“நாளைக்கும் போடுங்க.”

இருபது நாள் கழித்து மறுபடி கேட்டாள்.

“நாளைக்கும் போடுங்க.”

“இதைச் சொல்றதுக்கா உங்களுக்கு ஃபீஸ் கட்டினேன்?”

“அப்ப ஒரு நாள் போடாம விட்டுப் பாருங்க.”

ஒச்சம்மாளுக்குக் கோபம். மறுநாள் அவள் விலை போடவில்லை. அதற்கு அடுத்த நாள் சந்தை வாசலில் பூ வண்டி ஓட்டும் சுருளி அவளை மறித்துக்கொண்டு நின்றான்.

“யக்கா, நேத்து ஏன் போடலை? வண்டி திரும்புறப்ப ஊர் ஊரா நிறுத்தி நான்தான் வாசிச்சுக் காட்டுறேன். நேத்து பதினேழு ஊர்ல ஏச்சு வாங்கிட்டு வந்திருக்கேன்!”

அன்று சாயங்காலமே ஒச்சம்மாள் ஒரு டப்பா பெயின்ட் வாங்கினாள். சுருளியின் வண்டிக்குப் பின்னால், நம்பர் பலகையை விடப் பெரிதாக, தன் வலைப்பூவின் முகவரியை எழுதினாள்.

ஐப்பசி முகூர்த்தத்தில் மல்லி ஆயிரத்து நூறு போனது. சாயங்காலச் சீட்டுகள் அறுநூறு என்றன. அன்று பதினேழு ஊர்க்காரர்களும் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு கமிஷன் கடைகளின் முன்னால் போய் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஃபோனை மட்டும் நீட்டினார்கள். சீட்டுகள் திரும்ப எழுதப்பட்டன.

அதன் பிறகு படிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் ஆனார்கள். சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடைக்காரர் ஒருவர் பக்கத்தின் அடியில் சின்ன விளம்பரம் கொடுத்தார். அந்த முதல் வருமானத்தில் ஒச்சம்மாள் ஷம்ஷாத்தின் கடைக்கு ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினாள். அன்று முழுக்க அதன் கீழேயே உட்கார்ந்திருந்தாள்.

தை பிறந்ததும் கமிஷன் கடைக்காரர் சங்கத்தின் செயலாளர் தனுஷ்கோடி அவளைத் தேடித் தோட்டத்துக்கே வந்தார். மரியாதையாகப் பேசினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒச்சம்மாள் ஷம்ஷாத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“சங்கம் விளம்பரம் தருதாம் டீச்சர். மாசம் முப்பதாயிரம். நான் ஒரு வருஷம் குனிஞ்சு பறிச்சாலும் கையில நிக்காத காசு. பொய் எழுதச் சொல்லலை. ஒரு ரூபா கூட்டிக் குறைக்கச் சொல்லலை. ஆறு மணிக்குப் போடுற விலையைப் பத்து மணிக்குப் போடுன்னு மட்டும் சொல்றாங்க.”

“பத்து மணிக்கா?”

“இப்பல்லாம் சீட்டும் காசும் காலையிலயே குடுத்துடறாங்க. பத்துக்குள்ள பூவெல்லாம் கைமாறி, கணக்கு முடிஞ்சிருக்கும். அது எனக்கும் தெரியுது. ஆனா உண்மையைத்தான எழுதப் போறேன்? ஒம்பது மணிக்கு அவரு பதில் கேட்டு வாராரு. வாங்கலாமா, கூடாதா? சொல்லுங்க.”

ஷம்ஷாத் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“சொல்றேன்கா. பதினோரு மணிக்குச் சொல்றேன்.”

“ஒம்பதுக்கு அவரு வந்துருவாரே!”

“வரட்டும். என் பதில்ல ஒரு எழுத்து மாறாது. உண்மையைத்தான் சொல்லுவேன். பதினோரு மணிக்குச் சொல்லுவேன், அவ்வளவுதான்.”

“பதினோரு மணிக்குச் சொல்லி அதை வச்சு நான் நாக்கு வழிக்கவா?” என்று ஒச்சம்மாள் கத்தினாள்.

கத்தியவள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். ஷம்ஷாத் யாருடைய ரேஷன் கார்டையோ ஜெராக்ஸ் எடுக்க எழுந்து போனாள்.

ஒன்பது மணிக்குத் தனுஷ்கோடி வந்தார். ஒச்சம்மாள் வரப்பில் நின்றபடியே சொன்னாள்.

“ஆறு மணிக்குத்தான் போடுவேன்.”

“யோசிச்சுச் சொல்லும்மா.”

“யோசிச்சதாலதான் இவ்வளவு மெதுவாச் சொல்றேன்.”

மறுநாள் சந்தைக் கதவில் காவலுக்கு ஆள் நின்றது. கமிஷன் கடை தரும் நுழைவுச் சீட்டு இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார்கள். அவளுடைய பூவை எடை போட ஒரு கடையும் முன்வரவில்லை. மூட்டையைப் பேருந்தில் ஏற்றி அறுபது மைல் தாண்டி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோனாள். போய்ச் சேர்வதற்குள் அங்கே ஏலம் முடிந்திருந்தது. பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்தாள். இப்படியே ஒரு மாதம் போனது. இளைத்துப்போனாள்.

ஆனால் ஒரு நாளும் விலை நிற்கவில்லை. பேருந்து ஏறும் முன் சந்தை வாசலுக்கு வெளியே அவள் நிற்பாள். உள்ளே பூப் போட்டுவிட்டு வரும் யாராவது ஒருவர், வேட்டியை அவிழ்த்துக் கட்டுகிற சாக்கில் அவள் பக்கம் குனிந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர். பிறகு அவளை வாசலில் நிற்கவும் விடவில்லை. அவள் ஷம்ஷாத்தின் கடையில் உட்கார்ந்துகொண்டாள். எண்கள் அங்கே வந்தன.

மாதக் கடைசியில் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஷம்ஷாத்தைக் காலி செய்யச் சொன்னார். அவர் தனுஷ்கோடியின் மைத்துனர்.

ஒச்சம்மாள் அன்று அழுதுவிட்டாள்.

“என் வாய்க்கொழுப்பு உங்க பொழைப்புல மண்ணைப் போட்டுருச்சே டீச்சர். நான் ஒருத்தி பிடிவாதம் பிடிச்சேன். நீங்க எதுக்கு இதுல?”

“முதல் நாள் என்ன கேட்டீங்க அக்கா? அடிக்க வருவாங்களான்னு கேட்டீங்க. வருவாங்கன்னு சொன்னேன்.” ஷம்ஷாத் பிரிண்டரைத் துடைத்துக்கொண்டே பேசினாள். “உங்களை மட்டும்னு சொன்னேனா?”

அதற்கு மூன்றாம் நாள் விடிகாலை. வெளியே டீக்கடையில் முதல் பேருந்துக்கு நிற்பவர்களின் கூட்டம். ஒச்சம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் தேதியை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். தனுஷ்கோடி செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒச்சம்மா, இழுத்துக்கிட்டே போக வேணாம். அறுபதாயிரம். பத்து மணி கூட வேணாம், ஏழரைக்குப் போடு. உன் பூவை நாளையிலிருந்து என் கடையிலேயே எடை போடறேன். இந்தப் பிள்ளை கடையும் இங்கேயே இருக்கட்டும். மச்சான்கிட்ட நான் பேசிக்கறேன்.”

ஒச்சம்மாளின் விரல்கள் விசைப்பலகை மேல் அசையாமல் கிடந்தன. பேரம் தன் பூவைப் பற்றி மட்டும் என்றால் அவள் அப்போதே எழுந்து போகச் சொல்லியிருப்பாள். அவள் திரும்பி ஷம்ஷாத்தைப் பார்த்தாள்.

“டீச்சர்... கடை...”

“அது என் கடை. நான் பாத்துக்கறேன். வலைப்பூ உங்க பேர்ல இருக்கு. அதை நீங்க பாருங்க.”

“டீச்சர், நான் என்ன...”

“மணி என்ன அக்கா?”

“அஞ்சு அம்பத்தெட்டு.”

அப்போது வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். சந்தையிலிருந்து நேரே வந்தவர். தோளில் காலிச் சாக்கு. உள்ளே தனுஷ்கோடி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் படியில் வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவருடைய பூவும் அந்தச் சங்கக் கடைகளில் ஒன்றில்தான் எடைக்குப் போகிறது.

தனுஷ்கோடி அவரை நிதானமாகப் பார்த்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

“என்னய்யா பவுன்சாமி, ஜெராக்ஸ் எடுக்க வந்தியா?”

ஒச்சம்மாள் அவரிடம் விலையைக் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. போயிருங்கண்ணே என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

பவுன்சாமி சாக்கைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே போட்டார். வேட்டியை அவிழ்த்துக் கட்டவில்லை. குனியவில்லை. டீக்கடை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

“மல்லி எண்ணூத்தி அறுபது. முல்லை நானூத்திப் பத்து. நான் கேட்டுட்டுத்தான் வர்றேன். போடு தாயி.”

ஒச்சம்மாள் திரும்பினாள். அடித்தாள். அவசரத்தில் ஓர் எண் தப்பாக விழுந்தது. அதை அழித்துவிட்டுச் சரியாக அடித்தாள். ஏற்றினாள்.

“பதில் சொல்லலையே ஒச்சம்மா,” என்றார் தனுஷ்கோடி.

புது விலை ஏறினால் வாசகர்களின் ஃபோனில் ஒரு மணி அடிக்கும்படி ஷம்ஷாத் ஏற்பாடு செய்திருந்தாள். வெளியே டீக்கடையில் ஒரு ஃபோன் அடித்தது. அதையடுத்து இன்னொன்று. பேருந்தின் படியில் ஒன்று, பெஞ்சில் இரண்டு, பவுன்சாமியின் இடுப்பில் ஒன்று.

கடைக்குள்ளேயும் ஒன்று அடித்தது. தனுஷ்கோடியின் சட்டைப் பையில்.

அவர் அசையவில்லை. கையைப் பையின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டார்.

ஷம்ஷாத் அவர் பக்கம் திரும்பினாள்.

“எடுத்துப் பாருங்க சார். எல்லாருக்கும் வர்ற நேரத்துக்குத்தான் உங்களுக்கும் வந்திருக்கு.”