பொருத்தம் பார்த்த சாத்தப்பர்

ஆற்றங்கரை மடத்தின் தலைவி வடிவம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் சாத்தப்பரோ அறுபதைத் தாண்டியவர். மடத்துக்கு வருமுன் ஊர் ஊராகப் போய்க் கல்யாணம் பேசி முடிக்கும் தரகராக இருந்தார். சொந்த மகளையும் பத்துப் பொருத்தம் பார்த்துத்தான் கட்டிக்கொடுத்தார். ஒரே வருஷத்தில் அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அன்றோடு தொழிலை விட்டார்.

ஒருநாள் காலை மூச்சிரைக்க வந்து வடிவம்மையின் முன் நின்றார்.

"அம்மா, கிடைத்துவிட்டது."

"என்ன தொலைந்தது?"

மடத்தில் தங்கிப்போன வைத்தியர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததாம். மனிதர்கள் நான்கே வகை. நெருப்பு, நீர், காற்று, மண். கண்டுபிடிப்பதும் சுலபம். கையிலிருக்கும் பானை விழுந்து உடைந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால் போதும். கத்துகிறவர் நெருப்பு. அழுகிறவர் நீர். சிரித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர் காற்று. பேசாமல் குனிந்து ஓடு பொறுக்குகிறவர் மண். நெருப்போடு காற்று சேரும், மண்ணோடு நீர் சேரும். வேறு எதுவும் சேராது. தான் மண் என்று சாத்தப்பர் அப்போதே முடிவுகட்டியிருந்தார்.

"இது மட்டும் அன்றைக்குத் தெரிந்திருந்தால், என் மகள்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. பிறகு ஆவலோடு கேட்டார். "உங்கள் கையிலிருந்து பானை விழுந்தால் என்ன செய்வீர்கள், அம்மா?"

"எந்தப் பானை?"

அந்தப் பதிலை எதில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மற்றவர்களிடம் பலித்தது. சேருகிற வகைக்காரர்களைப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். சாப்பாட்டு நேரத்துச் சண்டைகள் நிஜமாகவே குறைந்தன. வடிவம்மைக்கும் அதில் சந்தோஷம்தான். பேச்சு ஊருக்குள் பரவியது. ஜாதகக் கட்டைச் சுருட்டி வைத்துவிட்டு ஜனங்கள் சாத்தப்பரைத் தேடி வந்தார்கள். அவர் நடையே மாறிப்போனது. ஒவ்வொரு நாளும் விடிவதற்குள் வாசலில் வந்து நின்றுகொண்டு, இன்றைக்கு யார் வருவார்கள் என்று பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆவுடையின் அப்பா வந்தார். ஆவுடை தயிர் விற்கிறவள். அவளுக்கு வாய் ஓயாது. அவளுக்கு நிச்சயமாகியிருந்த வேலாண்டி கிணறு வெட்டுகிறவன். கேட்டால்தான் பேசுவான், அதுவும் அரை வார்த்தை. சாத்தப்பர் இருவரையும் வரவழைத்து விசாரித்தார். உடைந்தால் உடையட்டும், ஊரில் வேறு பானையா இல்லை என்று ஆவுடை சிரித்தாள். வேலாண்டி, பொறுக்குவேன் என்றான்.

காற்றும் மண்ணும் சேர்ந்தால் புழுதிதான் மிஞ்சும் என்று சாத்தப்பர் கையை விரித்துவிட்டார். அப்பா கல்யாணத்தை நிறுத்தினார்.

மறுநாள் ஆவுடை மடத்துக்கே வந்துவிட்டாள். பின்னால் வேலாண்டி. பந்தல்காரரிடம் சொல்லியாயிற்று, சொந்தக்காரர்களுக்குப் பாக்கு வைத்தாயிற்று என்று மூச்சுவிடாமல் வடிவம்மையிடம் முறையிட்டாள்.

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. இவருக்கும் என்னைப் பிடிச்சிருக்கு. நடுவுல பானை எங்கம்மா வந்துச்சு?"

வடிவம்மை வாய் திறப்பதற்குள் தொழுவத்தில் பசு அலறியது. தலையீற்றுப் பசு. காலையிலிருந்தே வலியில் தவித்துக்கொண்டிருந்தது. மாடு பார்க்கிறவர் சந்தைக்குப் போயிருந்தார்.

"சாத்தப்பரே, இவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்."

"நானா? மாட்டைப் பற்றி எனக்கு என்ன..."

"போங்கள்."

பசு எழுவதும் விழுவதுமாக இருந்தது. யாரையும் அண்டவிடவில்லை. கன்றின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. மற்றது உள்ளே மடங்கிக் கிடந்தது. ஆவுடை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அவள் பேச்சு நின்றது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நல்லெண்ணெயை முழங்கைக்கு மேல்வரை பூசி, பசுவின் பின்னால் மண்டியிட்டாள்.

வேலாண்டி பசுவின் தலைப்பக்கம் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பேச ஆரம்பித்தான். இதோ ஆச்சு தாயி என்றான். பிள்ளை வெள்ளையா கறுப்பா என்று பார்த்துவிடலாம் என்றான். மழை வருவதைச் சொன்னான், கரைமேட்டுப் புல்லைச் சொன்னான். நிறுத்தவே இல்லை. கிணற்றில் மண் சரிந்து ஒருவன் மாட்டிக்கொண்டால், அவனைத் தோண்டி எடுக்கிறவரை மேலே நிற்கிறவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். பேச்சு நின்றால் உள்ளே இருப்பவனுக்கு உயிர் விட்டுப்போகுமாம். இதைச் சாத்தப்பர் பிற்பாடுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பசு அடங்கியது. ஆவுடை கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். பசு முக்குவதை நிறுத்தும்போதெல்லாம் கன்றை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, மடங்கிய காலைத் தேடினாள். மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. கடைசியில் இரண்டு குளம்புகளும் வெளியே வந்தன.

"பிடிங்க பெரியவரே. அது முக்கும்போது இழுங்க."

சாத்தப்பர் பிடித்தார். இழுத்தார். வழுக்கி விழுந்தார். மறுபடி பிடித்து, தன்னை அறியாமல் பெருங்குரலெடுத்துக் கத்திக்கொண்டே இழுத்தார். கன்று சரிந்து அவர் மடியில் வந்து விழுந்தது.

அதற்கு மூச்சில்லை.

ஆவுடை அதன் மூக்கையும் வாயையும் அடைத்திருந்த சளியை வழித்தெறிந்தாள். ஒரு வைக்கோலை மூக்கில் விட்டுச் சுழற்றினாள். கன்று தும்மியது. தலையை உதறியது. வேலாண்டியின் பேச்சு அப்போதுதான் நின்றது. ஆவுடை அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

சாத்தப்பர் எழுந்து ஓடினார். வேட்டியெல்லாம் ஈரம். வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

"அம்மா, நான் தப்பாகப் பார்த்துவிட்டேன். ஆவுடை காற்றே இல்லை, அவள் மண். அவன்தான் காற்று. அப்படிப் பேசுகிறான்!" சட்டென்று நின்றார். "ஆனால், அப்படிப் பார்த்தாலும் சேராதே?"

"நீங்கள் என்ன வகை என்று சொன்னீர்கள்?"

"மண்."

"கத்தியது இங்கேவரை கேட்டது. இப்போது அழுகிறீர்கள்."

சாத்தப்பர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"கன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் வடிவம்மை.

"அருமையாக இருக்கிறது. பசு நக்கிக்கொடுக்கிறது."

"அது என்ன வகை?"

சாத்தப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அம்மா, இப்போதுதானே பிறந்திருக்கிறது. இன்னும் யாரோடும் பழகவே இல்லை. அதற்குள் எப்படிச் சொல்ல முடியும்?"

"இதையே போய் ஆவுடையின் அப்பாவிடம் சொல்லுங்கள்," என்றார் வடிவம்மை.