வலப்பக்கத்துப் பிள்ளைக்காக

நேசபாய் டீச்சரிடம் கேள்வியோடு போனவர்கள் பதிலோடு திரும்பியதாக எங்கள் சபையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏதாவது ஒரு வேலையோடுதான் திரும்புவார்கள். அதனாலேயே பாதிப் பேர் போவதில்லை.

எப்சிபா போனாள். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு போனாள்.

வாரத்தில் ஆறு நாள் தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிறவள் அவள். ஏழாம் நாள் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துவாள். பதினான்கு வருடமாக அவளுக்கென்று ஓர் ஓய்வு நாள் இருந்ததில்லை. அந்தப் பள்ளியைத் தொடங்கி, அவளையும் அதில் பழக்கி, முழங்கால் போன பிறகு அவளிடம் ஒப்படைத்தவர்தான் நேசபாய் டீச்சர். பிள்ளைகளின் பெயரை மட்டும் நான் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

டீச்சர் அடுக்களையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எப்சிபா பள்ளி அலமாரியின் சாவியை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னட்டி இது?"

"சாவி, டீச்சர். வேற யாராவது பாத்துக்கிடட்டும். எனக்கு அலுத்துப் போச்சு."

டீச்சர் சாவியைத் தொடவில்லை. "உக்காரு. என்ன நடந்துச்சு?"

நடந்தது சபைக்கே தெரியும். மூன்று மாதமாகக் கோயிலுக்கு வர முடியாத டீச்சருக்கு மட்டும்தான் தெரியாது.

வகுப்பு முடியும்போது பிள்ளைகள் வட்டமாக நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் வலப்பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து, அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்க வேண்டும். எப்சிபா கொண்டுவந்த பழக்கம் இது. பிள்ளைகளும் ஜெபித்தார்கள். "இவனை ஆசீர்வதியும், ஆமென். இவளை ஆசீர்வதியும், ஆமென்." பதினெட்டுப் பேரும் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு பிஸ்கட்டுக்கு ஓடினார்கள். எப்சிபாவுக்குக் கோபம் வந்தது. சும்மா ஒப்பிக்கக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவருடைய கஷ்டத்தைச் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்று கண்டித்துச் சொன்னாள்.

ஜோவின் சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஒன்பது வயது. சிறுவர் ஞாயிறு அன்று பிள்ளைகளைச் சபைக்கு முன்னால் நிறுத்தி ஜெபிக்க வைத்தார்கள். அவனுடைய வலப்பக்கத்தில் பெனிலா நின்றாள். அவளுக்கு எட்டு வயது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மைக்கில் ஜெபித்தான்.

"ஆண்டவரே, பெனிலாவோட அம்மா அவளையும் அவ அப்பாவையும் விட்டுட்டுப் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்கன்னு எங்க அம்மா சொல்லுதாங்க. நீங்க கூட்டிட்டு வாங்க."

சபை ஆமென் சொன்னது. அவ்வளவு உரத்த ஆமெனை எங்கள் கோயில் அதற்கு முன் கேட்டதில்லை. நானும்தான் சொன்னேன்.

பெனிலா கையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. எப்சிபா இரண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டாள். பிள்ளை கதவுக்குப் பின்னாலேயே நின்றது.

"அந்த ஜெபத்தைக் கேட்டதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா டீச்சர்? இப்பதான் பிள்ளைங்க ஒழுங்கா ஜெபிக்காங்கன்னு சந்தோஷப்பட்டேன். அவ கையை உருவினதை அப்புறந்தான் பாத்தேன்."

டீச்சர் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார்.

"அடுத்தவங்களுக்காக ஜெபிக்கப் பிள்ளைங்களுக்கு எப்படித்தான் டீச்சர் சொல்லிக் குடுக்கது?"

"எனக்காக ஒரு ஜெபம் பண்ணு."

"இப்பவா?"

"இப்பதான்."

எப்சிபா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பதினான்கு வருடப் பழக்கம், வார்த்தை தானாக வந்தது. டீச்சருடைய முழங்கால் வலியை மாற்றச் சொன்னாள். அவர் தனிமையை நினைத்தருளச் சொன்னாள். குவைத்தில் இருக்கிற மகன் போன்கூடப் பண்ணுவதில்லை, அந்த மகனுடைய மனதைத் திருப்பும் என்று கேட்டாள். குரல் தழுதழுத்தது. நல்ல ஜெபம்தான்.

"ஆமென்" என்றார் டீச்சர். கீரையை மறுபடி கையில் எடுத்தபடி, "மகன் போன் பண்ணலன்னு நான் உன்கிட்ட சொன்னேனா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

"ம். எனக்கு என்ன வேணும்னு நீ கேக்கவே இல்லையே."

எப்சிபாவின் முகம் சுருங்கிப் போனது. "என்ன வேணும் டீச்சர்?"

"கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்கு. காம்பும் இலையும் ஒண்ணாப் போவுது. இதை ஆஞ்சு குடு."

எப்சிபா முறத்தை வாங்கிக்கொண்டாள். கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்து முறத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பெனிலா வீட்டுக்கு இன்னொரு தடவை போ" என்றார் டீச்சர். "கோயிலுக்குக் கூப்பிடாத. அவளுக்காக ஜெபம் பண்ணுதேன்னும் நிக்காத."

"பின்ன எதுக்குப் போகணும்?"

"அலுத்துப் போச்சுன்னு சொன்னியே, அதை அவகிட்ட சொல்லு. உனக்காக ஜெபிக்கச் சொல்லு."

"எட்டு வயசுப் பிள்ளைகிட்டயா?"

"என்கிட்டயுந்தான் சொன்ன. நான் என்ன பண்ணேன், கீரை ஆய விட்டேன். அவ ஜெபமாவது பண்ணுவா. சாவியை எடுத்துக்க. இங்க கிடந்தா காம்போட குப்பைக்குப் போயிரும்."

பெனிலாவின் அப்பா உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். எப்சிபா போனபோது அவர் வீட்டில் இல்லை. பெனிலா வாசலில் உட்கார்ந்து சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எப்சிபாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நான் கோயிலுக்கு வரமாட்டேன்."

"கூப்பிட வரல. எனக்கு ஒரு காரியம் ஆகணும்."

"என்ன?"

எப்சிபா படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. "ரொம்ப அலுப்பா இருக்கு பெனிலா. நாள் பூரா நின்னு நின்னு கால் வீங்கிப் போவுது. ஓய்வுநாள் பள்ளியை விட்டுரலாமான்னு இருக்கு. எனக்காக ஜெபிப்பியா?"

பெனிலா அவள் காலைப் பார்த்தாள். வீங்கித்தான் இருந்தது.

"கால் சரியாவணும்னு கேக்கவா, பள்ளியை விடக் கூடாதுன்னு கேக்கவா?"

இதை எப்சிபா எதிர்பார்க்கவில்லை. யோசித்துவிட்டு, "கால் மட்டும் போதும்" என்றாள்.

"சத்தமா சொல்லவா, மனசுக்குள்ள சொல்லவா?"

இந்தக் கேள்வியை மூன்று ஞாயிறுக்கு முன்னால் யாராவது இந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்கலாம். யாராவது என்ன, அவளே கேட்டிருக்கலாம்.

"மனசுக்குள்ளயே சொல்லும்மா."

பெனிலா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். உதடு அசையவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். பிறகு ஆமென் சொல்லிவிட்டு மறுபடி பானையை எடுத்தாள்.

"உனக்கு நான் என்ன கேக்கட்டும்?"

"எங்க அப்பா வடிக்கிற சோறு குழைஞ்சு போவுது. அடியும் பிடிக்கு. குழையாம வரணும்னு கேளுங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் வேண்டாம்."

அம்மா என்ற வார்த்தை எப்சிபாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அந்தப் படியிலேயே கண்ணை மூடி, சோற்றுக்காக மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கும் முன்பே பெனிலா வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"கால் எப்படி இருக்கு அக்கா?"

"கொஞ்சம் பரவால்ல. சோறு?"

"இன்னும் குழையத்தான் செய்யுது."

"நான் விடல. தினமும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"நானும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

அன்றைக்கு வட்டமாக நிற்க வைத்தபோது எப்சிபா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "யார் கையைப் பிடிச்சிருக்கியளோ, அவங்களுக்கு என்ன வேணும்னு முதல்ல கேளுங்க. அவங்க சொன்னதை மட்டும் மனசுக்குள்ள ஜெபிங்க."

ஜோவின் எதிர்ப்பக்கத்தில் நின்றான். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பெனிலாவுக்கு இடப்பக்கம் வந்து கையை நீட்டினான். பெனிலா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையைக் கொடுத்தாள். அவன் ஏதோ கேட்டான். அவள் சாய்ந்து அவன் காதில் ரொம்ப நேரம் சொன்னாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வாய் திறக்கவில்லை. பதினெட்டுப் பேரும் முடிக்க வெகு நேரம் ஆயிற்று. பிஸ்கட் காத்திருந்தது.

மத்தியானம் எப்சிபா டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அன்றும் முறத்தில் கீரைதான். சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது. முகத்தில் அலுப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"காதுல என்னமோ சொன்னா டீச்சர். சோத்துக்கு இவ்வளவு நேரம் ஆகாது. அம்மாவைப் பத்தியாத்தான் இருக்கும்னு நினைக்கேன். வகுப்பு விட்டதும் ஜோவினைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'அதை அவகிட்டதான் கேக்கணும் அக்கா'ன்னுட்டு ஓடிட்டான்."

டீச்சர் கீரையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அவன் சரியாத்தான் இருக்கான். நீ எதுக்குட்டி கேட்ட?"

எப்சிபா முறத்தைத் தன் பக்கம் இழுத்து, கீரையை ஆயத் தொடங்கினாள்.